சம்மந்திக்கு நான் எடுத்து வைத்த கறி

கப்பலூரில் பட்டறை வைத்திருக்கும் நாங்கள் சிலர் மாதம் ஒரு முறை கூடிப் பேசுவது வழக்கம். போன மாதக் கூட்டத்தில், இந்தக் கோடைக்கு எல்லாரும் குடும்பத்தோடு ஒரு மலையடிவார விடுதிக்குப் போய் இரண்டு நாள் தங்கி வரலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தலைக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். தங்குவது, மூன்று வேளைச் சாப்பாடு, பலகாரம், காபி எல்லாம் அதற்குள். எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. "என்ன அண்ணே, செலவு பண்ண மனசு வரலையா?" என்று ஒருவர் கேலி செய்தார். காரணத்தை அந்த இடத்தில் நின்று சொல்லிவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. தகரம் வெட்டும் கடையில் கூலிக்கு நின்றேன். பிறகு ஒரு வெல்டிங் மிஷினை வாடகைக்கு எடுத்து, ஆட்டுக்கொட்டகை ஒன்றில் வேலை தொடங்கினேன். இன்றைக்கு என் பட்டறையில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் கல்யாணச் சீரோடு வண்டியேறும் இரும்பு பீரோக்களில் பாதி என்னுடையது என்றால் மறுத்துப் பேச ஆள் கிடையாது. ஒற்றை விரலால் தள்ளினால் கதவு சத்தமில்லாமல் போய் மூடும். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்ட நான் என் மகள் வசந்தாவை வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நல்ல விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா, என் சம்மந்தி, அதிகம் பேசாத மனிதர். தென்னையும் நெல்லும் உள்ள வீடு. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் இருப்பவர்கள். கல்யாணப் பந்தலில் அவருடைய பங்காளி ஒருவர், "பீரோக்காரன் வீட்டுப் பொண்ணுதான் வாய்ச்சிருக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சம்மந்தி அப்படிச் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் கிடந்தது. பீரோக்காரன் என்ன செய்வான் என்று காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. கல்யாணம் முடிந்து நாலாவது மாதம், சித்திரை வெயிலில், இரண்டு குடும்பத்தையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு அந்த மாதிரி விடுதி ஒன்றுக்குத்தான் போனேன். அணைக்கட்டுக்குப் பக்கம், அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்தார்கள். பெயர் வேண்டாம். நாங்கள் ஆறு பேர்: நான், என் மனைவி பாக்கியம், சம்மந்தி, சம்மந்தியம்மா, மாப்பிள்ளை, வசந்தா.

சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேசை. அதில் பெரிய அலுமினியப் பாத்திரங்களை வரிசையாக வைத்து, அவரவரே எடுத்துச் சாப்பிடுங்கள் என்றார்கள். மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பு. எனக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டம் தட்டோடு நின்றது. சம்மந்தியை வரிசையில் நிற்க விடுவதா? அவரை உட்கார வைத்துவிட்டு நானே போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். அந்த வேளையில் குறை ஒன்றும் இல்லை. ருசியாகத்தான் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் கறி வந்தது. இந்த முறை சுக்கா வறுவலாக, மிளகு தூக்கலாகப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் மகளும் அணையைப் பார்க்கப் போனவர்கள் வரவில்லை. பெண்கள் பிறகு சாப்பிடுகிறோம் என்றார்கள். நானும் சம்மந்தியும் உட்கார்ந்தோம். அவர் ஒரு துண்டை எடுத்தார். வாய்க்குக் கொண்டு போகும்போது கை கொஞ்சம் நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.

"எப்புடி இருக்கு சம்மந்தி?" என்றேன்.

"நல்லாருக்கு."

நல்லாருக்கு என்றதும் நான் இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். போதும் என்று கையைக் குறுக்கே வைத்தார். "எல்லாத்துக்கும் சேத்துத்தானே காசு வாங்கியிருக்கான், சும்மா சாப்புடுங்க" என்று கையை விலக்கிவிட்டு மறுபடி வைத்தேன். பெண்கள் வந்தபோது பாத்திரத்தில் சுக்கா தீர்ந்திருந்தது. தோசை மட்டும்தான் மிச்சம். அது தீர்ந்து போனதால் எங்களில் மற்ற நாலு பேரும் தப்பினார்கள்.

விடியற்காலையில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. வாந்தி, பிறகு பேதி. எங்கள் அறையும் சம்மந்தியின் அறையும் ஒட்டி இருந்தன. கழிப்பறைக் கதவு இரண்டுக்கும் தகரம். நான் தகரத்திலேயே வாழ்ந்தவன். அடுத்த அறைத் தகரம் எத்தனை முறை திறந்து மூடியது என்று எனக்குத் தெரியும். ஒன்பது முறை. விடிந்ததும் முகத்தைக் கழுவி, விபூதி பூசி, வேட்டியை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அவரும் அதே மாதிரி வந்து நின்றார்.

"என்ன சம்மந்தி, நல்லா ஒறங்குனீகளா?"

"நல்ல ஒறக்கம். உங்களுக்கு?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

இரண்டு பேர் முகமும் வெளுத்திருந்தது. இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம். விருந்துக்கு அழைத்துப் போனவன், சாப்பாடு கெட்டுப்போனது என்று எப்படிச் சொல்வது என்று நான் வாயை மூடிக்கொண்டேன். பெண் கொடுத்தவர் போட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிச் சொல்வது என்று அவர் மூடிக்கொண்டார். சம்மந்தி வீட்டில் இலையில் மிச்சம் வைப்பதற்கே தயங்குகிறவர்கள் நாம். அவர் சம்மந்தியம்மாவிடம், "நீ வாயத் தொறக்கக் கூடாது. அந்தப் புள்ளைக்குத்தான் பேரு கெட்டுப் போகும்" என்று சொல்லியிருந்தாராம். அந்தப் புள்ளை என்றது என் மகளை.

அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் வேனில் திரும்பினோம். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னேன், டீ குடிக்க என்று. உண்மையில் எனக்காக. அவரும் இறங்கிப் புளியமரத்துக்குப் பின்னால் போனார்.

திங்கட்கிழமை காலையில் பட்டறையில் பீரோவுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டியது. பையன்கள் ஆட்டோவில் போட்டு மதுரைக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் என் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. "உடம்புல தண்ணியே இல்ல" என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ரத்தக்குழாய் வழியாக நேராக உடம்புக்குள் விடுவதுதான் டிரிப்ஸ். ஒன்று முடிந்து இன்னொன்று மாட்டினார்கள்.

டாக்டர் கேட்டார்: "எங்க சாப்பிட்டீங்க?"

சொன்னேன்.

"கூடச் சாப்பிட்டவங்க யாருக்காவது இப்படி இருக்கா?"

இந்த இடத்தை எழுதுவதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். ஒன்பது முறை தகரக் கதவு திறந்ததைக் கேட்டவன் நான். "யாருக்கும் ஒண்ணுமில்ல சார், எல்லாரும் நல்லா இருக்காக" என்றேன்.

பாக்கியம் பக்கத்தில் இருந்தாள். "வாடிப்பட்டிக்கு ஒரு போன் போட்டு விசாரிப்போமா? ரைஸ்மில்லுல சொன்னா கூப்பிட்டு விடுவாக" என்றாள்.

"விசாரிச்சா நான் படுத்திருக்கிறது தெரிஞ்சு போகும். பேசாம இரு."

என் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அதையும் ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வராந்தாவில் வசந்தாவின் குரல் கேட்டது. என்னைப் பார்க்க வந்திருக்கிறாள், யார் சொன்னார்கள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்க வரவில்லை. மாப்பிள்ளையும் டாக்சிக்காரரும் சம்மந்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திறந்திருந்த கதவு வழியாக அவள் என்னைப் பார்த்தாள். கையில் டிரிப்ஸோடு கிடக்கும் அப்பாவையும் தூக்கிக்கொண்டு போகும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்குமா?" என்றாள். பிறகு மாமனாருக்குப் பின்னால் ஓடினாள்.

அவரை எனக்கு அடுத்த அறையிலேயே போட்டார்கள். கண் குழிக்குள் போயிருந்தது. மூன்று நாளாக மோர் மட்டும் குடித்துவிட்டு, வெயில் ஒத்துக்கலை என்று மகனிடம் சொல்லிப் படுத்திருக்கிறார். டிரிப்ஸ் ஏறியது. எனக்கு ஏறிய அதே தண்ணீர்தான். எனக்கு இரண்டாவது பாட்டிலிலேயே சிறுநீர் பிரிந்தது. அவருக்கு ஆறு பாட்டில் ஏறியும் பிரியவில்லை.

டாக்டர் என் அறை வாசலில் நின்று மாப்பிள்ளையிடம் விளக்கியதை நானும் கேட்டேன். ரத்தத்தில் சேரும் அழுக்கை வடிகட்டிச் சிறுநீராக வெளியேற்றுவது சிறுநீரகம். உடம்பில் தண்ணீர் வற்றினால் அதற்கு ரத்தம் போவது குறையும். நெடுநேரம் குறைந்தால் வடிகட்டுவதையே நிறுத்திவிடும். என் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கழுவாமல் வைத்தால் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். துப்பாக்கியையாவது பெயிண்ட் கரைக்கும் தின்னரில் ஊறப்போடலாம்.

"நேத்தே வந்திருந்தா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"நேத்து வந்திருந்தா இம்புட்டு மோசமாயிருக்காது" என்றார் டாக்டர். அவர் என் பக்கம் திரும்பவில்லை. எனக்குத் திரும்பிய மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு கேள்விதான். எம்புட்டு இறங்கிச்சு? கட்டிலுக்குக் கீழே கோடு போட்ட பாட்டில் ஒன்று. அதில் சேரும் சிறுநீரை அளந்து நர்ஸ் நோட்டில் எழுதுவாள். புதன்கிழமை முழுக்க அரை டம்ளர்கூட இல்லை. ரத்தத்தில் யூரியா ஏறுகிறது என்றார்கள். யூரியா என்பது வெளியேற வேண்டிய கழிவு. அது ஏறினால் வாந்தி வரும், மயக்கம் வரும், கடைசியில் நினைவு தப்பும். நிலத்துக்குப் போடும் யூரியாதான் என்று நினைத்துக்கொண்டு சம்மந்தியம்மா, "அவுக உரமே தொடலையே, அது எப்புடி உள்ள போச்சு?" என்று கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பாக்கியம் இரண்டு தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வருவாள். உப்புப் போட்டது எனக்கு, போடாதது அவருக்கு. சம்மந்தியம்மா துண்டை நனைத்துப் பிழிந்து அவர் உதட்டை ஒற்றிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. தாகம் தாங்காமல் நாக்கைச் சுழற்றுவார். வசந்தா இரண்டு அறைக்கும் நடுவில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எந்த அறையில் இருமினாலும் எழுந்து ஓடினாள். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் என்னுடையது என்று நான் சொன்னபோது மாப்பிள்ளை, "இப்ப அதெல்லாம் பேசாதீங்க மாமா" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. அன்றைக்கு அவர் வயிற்றில் ஒரு குழாய் போட்டார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷின் அப்போது மெட்ராஸில்தான் கிடைக்கும் என்றும், அவ்வளவு தூரம் இவர் தாங்க மாட்டார் என்றும் டாக்டர் சொன்னார். இந்தக் குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, திரும்ப எடுப்பார்கள். அழுக்கு அதோடு வரும். விடுவது, நிறுத்துவது, எடுப்பது. நாள் முழுக்க இதுதான்.

கட்டிலுக்குக் கீழே இருந்த சிறுநீர்ப் பாட்டிலைக் கழுவ எடுக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீங்க தொடாதீங்க. பொண்ணு குடுத்தவர் கையில இதையா குடுக்கிறது?"

"இருக்கட்டும் சம்மந்தி."

"இருக்கட்டும்னு சொல்றதுக்கு இதுல என்ன இருக்கு, பாருங்க. காலியா இருக்கு." கொஞ்சம் சிரித்தார். "கொஞ்சம் சேந்தா உங்க பீரோவுல வச்சுப் பூட்டிருங்க. அம்புட்டு மதிப்பு அதுக்கு."

அன்றைக்கு அந்தப் பாட்டிலை நான்தான் கழுவினேன். அடுத்த நாளும். அவர் தடுக்கவில்லை.

நடுவில் ஒரு மத்தியானம் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்த விடுதிக்குப் போனேன். உரிமையாளர் இல்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனோம். தட்டுகளை ஒரே தொட்டியில் முக்கி முக்கி எடுத்தார்கள். தொட்டித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் எண்ணெய் மிதந்து கிடந்தது. பச்சைக்கறி வெட்டிய கட்டையிலேயே ஒருவர் வெங்காயம் அரிந்தார். சமையல்காரரிடம் அன்றைய கறியைப் பற்றிக் கேட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை.

"மத்தியானம் மிஞ்சினதத்தான் அண்ணே ராத்திரி சுக்கா போடுறது. அதுவரைக்கும் அடுப்போரம் மூடி வச்சிருப்போம். ஆளுக்கு இவ்வளவுன்னு மொத்தமா காசு வாங்கிட்டாக. கொட்டினா மொதலாளிக்கு நட்டம். கொட்டுறதுக்கு எனக்கு உத்தரவில்ல."

"கெட்டுப் போகாதா?"

"மொளகு போட்டா தெரியாது."

டாக்டர் பிறகு சொன்னார்: கறி கொதிக்கும்போது கிருமி செத்துவிடும். ஆனால் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மூடிக் கிடக்கும் கறியில் கையிலிருந்தும் கரண்டியிலிருந்தும் புதிதாகச் சேரும் கிருமி பல்கிப் பெருகும். சில கிருமிகள் விடும் விஷத்தை மறுபடி சூடு பண்ணினாலும் போக்க முடியாது. பார்வைக்கும் ருசிக்கும் நன்றாகவே இருக்கலாம். தனித்தனியாக விலை போட்டு விற்கும் சாப்பாட்டுக் கிளப்புக்கடையில் மிஞ்சுவது கொஞ்சம். மேசை நிறைய வைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னுங்கள் என்று சொல்கிற இடத்தில் மிஞ்சுவது அதிகம். அது எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. அறையில் நான் மட்டும் இருந்தேன்.

"சம்மந்தி, அந்தச் சுக்கா" என்று ஆரம்பித்தேன்.

"மணத்துலயே தெரிஞ்சுருச்சு" என்றார்.

"பெறகு ஏன் சாப்புட்டீக?"

"நீங்க எடுத்து வச்சீகள்ல."

நான் தகரக் கதவைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நானும் உங்க கதவு சத்தத்தக் கேட்டேன். நானுந்தானே சொல்லல" என்றார். அதோடு கண்ணை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை வாடிப்பட்டியிலிருந்து பங்காளிகள் வந்தார்கள். கல்யாணப் பந்தலில் பேசிய அதே பங்காளி வராந்தாவில் நின்று, "பொண்ணு காலெடுத்து வச்சு நாலு மாசம் ஆகல. அவுக அப்பன் வீட்டு விருந்துல என்னத்தப் போட்டாகளோ" என்றார். பெஞ்சில் வசந்தா இருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னார். அறைக் கதவு திறந்திருந்தது.

சம்மந்தி உள்ளேயிருந்து கூப்பிட்டார். குரல் சன்னமாகத்தான் வந்தது. எல்லாரும் போய்ச் சுற்றி நின்றோம்.

"விருந்தெல்லாம் ஒண்ணும் பண்ணல. நல்ல சாப்பாடு. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்ததும் நம்ம கெணத்துத் தண்ணிய ரெண்டு செம்பு குடிச்சேன். அதுக்குப் பெறகுதான் புடுங்குச்சு. கெணத்துல என்னமோ விழுந்து கெடக்கு. எறைச்சுப் பாருங்க."

பங்காளி என்னைப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு எப்புடி வந்துச்சு?" என்று கேட்டார்.

சம்மந்தியே பதில் சொன்னார். "அவருக்கு அது பட்டறைச் சூடு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான்தான். மகளைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவு தப்பியது. பொட்டாசியம் என்று ஒன்று ரத்தத்தில் ஏறி இருதயத்தைத் தடுமாற வைக்கிறது என்றார்கள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, சம்மந்தியம்மா துண்டைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே இருதயம் நின்றுவிட்டது. பாட்டிலில் கொஞ்சம் சிறுநீர் இருந்தது. மற்ற நாட்களைவிட அதிகம். நர்ஸ் அதை அளந்து நோட்டில் எழுதினாள். எழுத வேண்டியதில்லை என்று அவளுக்கும் தெரியும்.

அப்பா சொன்ன சொல் நிற்கட்டும் என்று, விடுதியில் பார்த்ததை மாப்பிள்ளையும் வெளியே விடவில்லை. காரியம் முடிந்ததும் பங்காளிகள் கிணற்றை இறைத்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் பிளீச்சிங் பவுடர் கொட்டி, மேலே முள்ளை வெட்டிப் போட்டு மூடினார்கள். அந்தத் தெருவே குடித்த கிணறு அது. பெண்கள் அதற்குப் பிறகு ரைஸ்மில்லுக்கு அந்தப் பக்கம் உள்ள அடிபம்புக்கு நடந்தார்கள். வசந்தாவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவளுக்குப் பிறந்த பையனுக்கு மாமனார் பெயரையே வைத்தாள்.

போன மாதக் கூட்டம் முடிந்த மறுநாள் வாடிப்பட்டிக்குப் போனேன். இந்த மாதிரி எழுதப் போகிறேன் என்று சம்மந்தியம்மாவிடம் சொன்னேன். எழுதினால் அவர் கடைசியாகச் சொன்னது பொய் என்று ஆகிவிடும், உங்கள் அனுமதி வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். கை நிற்கவில்லை.

"அவுக எதுக்குச் சொன்னாகன்னு எனக்குத் தெரியும் அண்ணே. அது நடந்து முடிஞ்சிருச்சு. புள்ள நல்லா இருக்கா. தெருப் பொம்பளைக இன்னமும் வெயிலுல நடக்குறாளுக. எழுதுங்க."

பிறகு, "எழுதுறதோட விட்டுறாதீங்க. தெருவுல வந்து நின்னு வாயாலயும் சொல்லுங்க" என்றார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அந்தப் பங்காளியையும் வரச் சொல்லியிருக்கிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்பதை உங்களுக்கு முதலில் எழுதி வைக்கிறேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை. கெட்டது, அவர் கையை விலக்கிவிட்டு நான் இரண்டாம் தடவை எடுத்து வைத்த கறி.